செத்தவர் அரைத்த மிளகாய்

நாகல் நகரில் சாகுல் ஹமீது மாவு மில் என்றால் அந்த வட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். மிளகாய், மல்லி, மஞ்சள், இடியாப்பத்துக்குப் பச்சரிசி, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சொன்ன நேரத்துக்கு அரைத்துக் கொடுப்பார் மனுஷர். ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று, அரவை மிஷின் ஒன்று, கூலிக்குப் பெருமாயி என்று ஒரு அம்மாள். வாடகை வீட்டின் முன்பக்கம் மில், பின்பக்கம் குடித்தனம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் பங்குனியில், மிளகாய் அரவை உச்சத்தில் இருந்த நேரம், ஒரு நாள் காலை மிஷினுக்குப் பெல்ட்டை மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. பிள்ளை குட்டி கிடையாது. மனைவி அஜீஸுன்னிசாவுக்கு அப்போது நாற்பது வயது.

அஜீஸுன்னிசா எட்டாவது வரை படித்தவள். சாகுல் ஹமீதுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுத வராது. மாதாமாதம் கரண்ட் பில் வந்தால் அதைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிடுவார். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிமுறைகளை அச்சடித்திருந்தார்கள். ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. கரண்ட் ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர்களே முழுக்கப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அஜீஸுன்னிசா படித்தாள். அடுப்பில் கறி வேகிற நேரத்தில், ஒரு வரி விடாமல், மூன்று மாதப் பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள்.

படித்ததில் அவளுக்கு ஒன்று விளங்கியது. விளக்குக்கு ஒரு ரேட், மோட்டாருக்கு ஒரு ரேட். விளக்கு ரேட் கொள்ளை. மோட்டாருக்கு யூனிட் ஒன்பது நயா பைசாதான். ஆனால் மோட்டாருக்கு ஒரு வில்லங்கம் உண்டு. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எச்.பி.க்கு இரண்டு ரூபாய் என்று மாதம் பத்து ரூபாய் கட்டியே ஆகவேண்டும். மழை மாதங்களில் மில்லில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஐந்து ரூபாய்க்குக்கூட மிஷின் ஓடியிருக்காது. பத்து ரூபாய் போய்க்கொண்டிருக்கும். பதினைந்து வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது.

"குடுக்கிற காசு குடுக்கத்தான் போறோம். நிக்கிற மிஷினுக்குக் குடுக்கிறதுக்கு, மழ மாசத்துல அரவக்கூலியப் பாதியாக் கொறச்சு விடுங்க. கூட்டம் வரும். நூத்துப் பத்து யூனிட்டு வரைக்கும் கரண்டு நமக்கு ஓசிதான்," என்றாள் புருஷனிடம்.

அவர் அரைமனதாகத்தான் செய்தார். அந்த ஐப்பசியில் சாணார்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் பச்சரிசி மூட்டை வந்து இறங்கியது. அதற்குப் பிறகு டீக்கடையில் உட்கார்ந்தால், "நம்ம வீட்டுக்குள்ள ஒரு கரண்டு ஆபீசரு இருக்கு" என்று சொல்லாமல் அவர் எழுந்து வருவதில்லை.

ஆகவே அவர் மௌத்தான மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபோது, அழுது முகம் வீங்கிக் கிடந்த அஜீஸுன்னிசா மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். துக்கம் காக்கிற இத்தா முடிந்ததும் பெருமாயியை வைத்துக்கொண்டு மில்லை நடத்துவது. வாடகைக்கும் வயிற்றுக்கும் அது போதும்.

இந்த முடிவுக்கு ஒரு காரணம் அவள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. காதர் பீவி. சாகுல் ஹமீதின் அக்கா. இருபத்தெட்டு வயதில் புருஷனை இழந்து, பேகம்பூரில் கடைசித் தம்பி ஜெகபர் அலியின் வீட்டுக்கு வந்தவள், இருபத்தைந்து வருஷமாக அங்கேதான் இருந்தாள். அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வேளாவேளைக்குச் சோறு உண்டு. அடுப்படியை ஒட்டி ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி. ஆனால் வெற்றிலை வாங்கவேண்டுமென்றால் தம்பி பெண்டாட்டியின் முகம் பார்த்து, நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் அவள் தொண்டையைச் செருமிக்கொள்வதை அஜீஸுன்னிசா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு பாயில் போய் உட்காருவதைவிட மில்லில் மிளகாய் நெடியில் தும்மிச் சாகலாம் என்று அவளுக்கு இருந்தது.

இப்போது காதர் பீவிதான் இத்தாவுக்குத் துணையாக வந்து உடனிருந்தாள். இத்தா என்றால் நான்கு மாதம் பத்து நாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வெள்ளைச் சேலை உடுத்தி, வாசல் தாண்டாமல், அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கொழுந்தனும் இந்தக் கணக்கில் அன்னிய ஆண்தான். திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசவேண்டும். அவளுக்கு ஒதுக்கியது வீட்டின் நடு அறை. அந்த அறையில்தான் மீட்டரும் இருந்தது. முன்னால் மில்லிலேயே இருந்த மீட்டர், மாவுத் தூசி அடைத்து மக்கர் பண்ணியதால், ஆபீஸில் சொல்லி உள்ளே மாற்றி வைத்திருந்தார்கள்.

அவள் பாய்க்கு நேர் எதிரே, சுவரில் இரண்டு மீட்டர்கள். விளக்கு மீட்டரின் தகடு சாயங்காலத்தில் மெல்லச் சுற்றும். மோட்டார் மீட்டர் அசையாது. அதில் நின்ற எண் எட்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு. அவர் போவதற்கு முதல் நாள்தான் ரீடிங் எடுக்கும் கண்ணுசாமி வந்து, அதே எண்ணை அட்டையில் எழுதிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் மிஷினைப் போடுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மில்லைத் தற்காலிகமாக நடத்தலாமா என்று பெருமாயி கேட்டதற்கு, "மய்யித்து விழுந்த வீட்டுல மிஷின் சத்தமா?" என்று ஜெகபர் அலி ஒரே அதட்டாக அதட்டிவிட்டார்.

சித்திரையில் கண்ணுசாமி வழக்கம்போல ரீடிங் எடுக்க வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் உள்ளே கேட்டது.

"அம்மா, மீட்டர் பாக்கணும்."

"இத்தா வீடுய்யா," என்றாள் காதர் பீவி கதவிடுக்கிலிருந்து. "மீட்டர் இருக்கிற ரூம்புலதான் எங்க தம்பி சம்சாரம் இருக்கு."

"அடடா, தெரியாமப் போச்சே. மன்னிச்சுக்கங்கம்மா. அண்ணன் கையால எத்தன டீ குடிச்சிருக்கேன். நான் எப்படி உள்ள வாரது?"

உள்ளே அஜீஸுன்னிசா ஒரு மாதத்து அழுகையில் சோர்ந்து கிடந்தாள். மீட்டராவது மண்ணாங்கட்டியாவது என்றிருந்தது. "அடுத்த மாசம் வரச் சொல்லுங்கக்கா," என்று சொன்னது அவள் வாய்தான். பிற்பாடு இதை நினைத்து அவள் நொந்துகொண்டதற்கு அளவில்லை.

கண்ணுசாமி நல்லவர். நல்லவர்கள் செய்துவைக்கிற காரியத்தைச் சரிசெய்வதுதான் உலகத்திலேயே கஷ்டம். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் புத்தகத்தில் 'கதவு பூட்டு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கதவு பூட்டியிருந்தால், முந்தைய மூன்று மாதச் சராசரியைப் பார்த்துப் பில் போட வேண்டும் என்பது விதி. முந்தைய மூன்று மாதம் தை, மாசி, பங்குனி. ஊர் முழுக்க மிளகாய் காய்ந்து வந்து, பொழுது விடிந்து பொழுது சாய மிஷின் அலறிய மாதங்கள். பில் அறுபத்துநான்கு ரூபாய் வந்தது. அண்ணன் கடைசியாக ஓட்டிய மாதத்துக் கணக்கு என்று நினைத்து ஜெகபர் அலி யாரிடமும் சொல்லாமல் கட்டிவிட்டார். அவர் பங்குக்கு அவரும் நல்லவர்.

அது அஜீஸுன்னிசாவுக்குத் தெரியவந்தபோது வைகாசி பிறந்திருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்பக்கத்துப் பொடி எழுத்து அவளுக்கு மனப்பாடம்; என்ன நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. அந்த மாதம் கண்ணுசாமி வருவதற்கு முன்பே, மீட்டரில் இருந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, 'மில் மூடியிருக்கிறது, மினிமம் மட்டும் போடவும்' என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் காதர் பீவியிடம் கொடுத்து வைத்தாள்.

கண்ணுசாமி சீட்டைப் பணிவாக வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து அவரே வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"மேல ஒத்துக்கிடலம்மா. 'வீட்டுக்காரங்களே எழுதிக் குடுத்தா நீ எதுக்கு? நீ கண்ணால பாத்தியா?'ன்னு கேக்காக. பாக்காததப் பாத்தேன்னு நான் எழுத முடியாதுல்ல. எட்டு வயிறு இருக்கு எனக்கு."

மறுபடியும் கதவு பூட்டு. மறுபடியும் அறுபத்துநான்கு ரூபாய். ஆனியில் மூன்றாவது தடவையும் அதே. இந்த முறை பில்லோடு ஒரு நோட்டீஸும் வந்தது. பாக்கி நூற்றிருபத்தெட்டு ரூபாயைப் பதினைந்து நாளில் கட்டாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும். நூற்றிருபத்தெட்டு ரூபாய் என்பது அன்றைக்கு ஒன்றேகால் பவுனுக்கு மேல். அஜீஸுன்னிசாவின் காதில் கிடந்தது அரைப் பவுன்.

"அக்கா, இந்தப் பில்லுப்படி பாத்தா ஒங்க தம்பி மௌத்தான பெறகும் மூணு மாசமா மிளகா அரச்சுக்கிட்டிருக்காரு," என்றாள்.

காதர் பீவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அஜீஸுன்னிசாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அழுகையில்தான் முடிந்திருக்கும். உண்மை எதிரே சுவரில் தொங்குகிறது. தூங்கி எழுந்தால் அதன் முகத்தில்தான் விழிக்கிறாள். அட்டையில் எட்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு, மீட்டரிலும் எட்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. அந்த ஒருத்தரைத்தான் உள்ளே விட வழியில்லை.

"நான் அடுப்படிக்குள்ள போயிருதேன். கண்ணுசாமி செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போகட்டுமேக்கா."

"என்ன பேச்சு பேசுத நீ!" காதர் பீவி பதறினாள். "வெள்ளச் சேல உடுத்தி ஒருத்தி இத்தா இருக்கிற ரூம்புக்குள்ள அசல் ஆம்பளையா? நான் இத்தா இருந்த நாலு மாசமும் சன்னலத் தொறக்கல. காதர் பீவி மாதிரி இத்தா இருக்கணும்னு இன்னைக்கும் பேகம்பூர்ல சொல்லுவாக. நான் தொணைக்கு இருந்தும் இப்படி நடந்துச்சுன்னா என் மூஞ்சில முழிப்பாகளா?"

இருபத்தைந்து வருஷத்தில் ஊர் அவளை மெச்சிய ஒரே விஷயம் அது. அதைப் போய் எப்படித் தட்டிப் பறிப்பது? அஜீஸுன்னிசா அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். இரண்டு தெரு தள்ளிப் பள்ளிவாசல் இருந்தது. அங்கே ஹஜரத்தைக் கேட்டிருந்தால், "அந்த அம்மா வேற ரூம்புக்குப் போயிட்டா வந்து பாக்கட்டும், அதுல என்ன இருக்கு" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பேச்சு வரும் என்பது அவளுக்குத் தெரியும். புருஷன் போய் நாலு மாசம் ஆகலை, அதுக்குள்ள மில்லு நெனப்பைப் பாரு என்பார்கள். அவளுக்கு அதைத் தாங்கும் தெம்பு அப்போது இல்லை.

மிச்சமிருந்தது ஜெகபர் அலிதான். சொல்லியனுப்பியதும் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி முனகியது. தோல் மண்டியில் தரகர் அவர். குரல் எப்போதும் நாலு கடைக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

"சொல்லுங்க மைனி. நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்டா போதும். இத்தா முடிய இன்னும் இருவது நாளுதான் இருக்கு. அதுவரைக்கும் தவணை குடுங்க, பெறகு வந்து மீட்டரப் பாத்துட்டுப் பில்லத் திருத்துங்கன்னு கேளுங்க. வேற பேச்சே வேணாம். தொகையக் கொறைங்கன்னு கேக்காதீங்க. மாசம் பத்து ரூவா மினிமம் நாம கட்ட வேண்டியதுதான், அதுல தகராறு பண்ணாதீங்க. எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன்."

காதர் பீவி திரையைத் தாண்டிச் சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓடாத மிஷினுக்குப் பத்து ரூவாயா?"

"ஆமா தம்பி. விதி அப்படி."

"எந்த ஊரு விதி? மாடே வாங்காதவன் தும்புக்குக் காசு குடுப்பானா? நான் பேசி முடிக்கிறேன் மைனி. மண்டியில நூத்தம்பதுன்னு ஆரம்பிச்சவன நான் தொண்ணூறுல நிறுத்தியிருக்கேன்."

"தம்பி, அங்க பேரம் பேசக் கூடாது. தவண மட்டும்..."

"நீங்க துஆ செய்யிங்க, போதும்."

நாற்காலி மறுபடியும் முனகியது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அவர் பின்னாலேயே ஓடிச் சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தோல் மண்டியில் விலை பேசுவது எப்படியென்று அவளுக்குத் தெரியும். துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசுவார்கள். எதிராளி கேட்பதில் எதையாவது விட்டுக்கொடுக்க வைத்துவிட்டால் ஜெகபர் அலிக்குப் பசியே தீர்ந்துவிடும். அந்த மனுஷரிடம் பேரம் பேசாதே என்று சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டாள்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் அவர் திரும்பி வந்தார். வரும்போதே அல்வாப் பொட்டலம். வாசலிலிருந்தே குரல் வந்துவிட்டது.

"மைனி, முடிஞ்சுது! நூத்தி இருவத்தெட்டு ரூவாயும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இனிமே பில்லே வராது!"

காதர் பீவி, "அல்லா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அஜீஸுன்னிசா திரையருகே நகர்ந்து வந்தாள்.

"பில்லே வராதுன்னா? என்ன சொன்னாங்க தம்பி?"

"மொதல்ல அந்தக் கிளார்க்கு முறுக்கிக்கிட்டுத்தான் இருந்தான். ஓடாத மிஷினுக்கு எதுக்குய்யா பத்து ரூவான்னு பிடிச்சேன் பாருங்க, அங்கதான் ஆளு எறங்குனான். 'விதி அப்படி, நாங்க என்ன செய்ய'ங்கிறான். நான் விடல. மௌத்தானவரு பேருல பில்லுப் போடுறியே, உனக்கே அடுக்குமான்னு கேட்டேன். கடைசில அவனே சொல்லுதான், 'பத்து ரூவா கட்டப் பிரியமில்லன்னா இணைப்பு வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க. நாங்க வந்து கடைசி ரீடிங்கப் பாத்து, சராசரிய எல்லாம் தள்ளிட்டு, உள்ளதுக்கு மட்டும் கணக்கு முடிச்சு, டெபாசிட்டையும் திருப்பித் தந்துர்றோம்'னு. அவன் வாயாலயே சொல்ல வச்சேன் மைனி!"

"எழுதிக் குடுத்தீங்களா?"

"அவங்களே ஒரு பாரத்துல எழுதிக்கிட்டாக. நான் கையெழுத்துப் போட்டேன். இறந்தவரு தம்பின்னு போட்டாச் செல்லுமாம்."

செல்லுமாம். கட்டிய மனைவி, எதிரே இருக்கிற மீட்டரைப் பார்த்து எழுதிக் கொடுத்தது செல்லாது. மீட்டர் வீட்டில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியாத தம்பி போட்ட கையெழுத்து செல்லும். அஜீஸுன்னிசாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்தவேண்டும் என்றிருந்தது. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தனக்காக வேகாத வெயிலில் போய் நின்றவர். கையில் அல்வா வேறு வைத்திருந்தார்.

"தம்பி, கரண்டு போயிட்டா மில்லு ஏது? நாளைக்கே போயி, தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன், அந்தப் பாரத்தத் திருப்பிக் குடுங்கன்னு கேளுங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

மில்லை அவள் நடத்தப்போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரும் அவரிடம் சொன்னதில்லை. இத்தா முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள்தான் வைத்திருந்தாள்.

"பொம்பள எப்படி மைனி மில்லு..." என்று இழுத்தவர், பிறகு தணிந்த குரலில், "முடிச்ச பேச்ச மறுநாளு போயி மாத்துனா மண்டியில எவனும் நம்மள மதிக்க மாட்டான். சரி, பாப்போம். சித்தையன்கோட்டைக்குத் தோல் பாக்கப் போறேன். ரெண்டு நாள்ல வந்துருவேன். வந்ததும் போறேன்," என்றார்.

அந்த இரண்டு நாளுக்கு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தானே ஒரு மனு எழுதினாள். மனைவியாகிய நான் இணைப்பை ஒப்படைக்க விரும்பவில்லை, இத்தா முடிந்ததும் நேரில் ஆஜராகிறேன் என்று தெளிவாக எழுதிப் பெருமாயியிடம் கொடுத்து ஆபீஸுக்கு அனுப்பினாள். பெருமாயி காலையில் போனவள் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் வந்தாள்.

"வாங்கிக்கிட்டாகளா?"

"வாங்குனாக தாயி. ஒரு தட்டுல போட்டு வச்சிருக்காக. வர்ற மனுவுக்கெல்லாம் நம்பர் போட்டுத்தான் மேசைக்குப் போகுமாம். நாலு நாள் ஆகும்னாரு. அதுக்குள்ள யாரும் வரமாட்டாகளேன்னு கேட்டேன். அது வேற மேசையாம்."

புது இணைப்புக் கொடுக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிற ஆபீஸ், இருப்பதைப் பிடுங்குவதற்கு மூன்றே நாள்தான் எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கண்ணுசாமியும் ஒரு வயர்மேனும் ஏணியோடு வந்து நின்றார்கள். அன்று காலைதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய ஜெகபர் அலியும், ஆபீஸுக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டை எட்டிப் பார்க்க வந்தவர், அவர்களோடு வாசலில் மாட்டிக்கொண்டார்.

"நிப்பாட்டச் சொல்லுங்கக்கா. மனு போட்டிருக்கேன்னு சொல்லுங்க," என்றாள் அஜீஸுன்னிசா.

காதர் பீவி சொன்னாள். ஜெகபர் அலியும் ஏதோ சொன்னார். வயர்மேன் கையிலிருந்த தாளைக் காட்டினான். ஆர்டர் இதுதான், இதில் மனு கினு எதுவும் இல்லை, எடுக்கவில்லையென்றால் எங்களைக் கேட்பார்கள் என்றான். கவர்ன்மென்ட் தாள், அடியில் முத்திரை. காதர் பீவி அந்த முத்திரையைப் பார்த்ததும் ஒடுங்கிப்போனாள்.

"ஏ புள்ள, எந்திரி. ஆர்டரு போட்டு வந்துருக்காக, நாம என்ன செய்ய முடியும்? வா, அடுப்படிக்குப் போயிருவோம்."

இரண்டு படுக்கை விரிப்புகளை எடுத்தாள். ஒன்றை அஜீஸுன்னிசாவின் தலையோடு போர்த்தினாள். இன்னொன்றை அடுப்படி நிலையில் குறுக்கே கட்டினாள். எல்லாம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி நடு அறைக்குள் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. இதையேதான் செய்வோம் என்று ஆனி மாதம் அவள் கேட்டிருந்தாள். ஒரு ஆள் பார்த்துவிட்டுப் போவதற்குத் திறக்காத அறை, இரண்டு ஆட்கள் கழற்றிக்கொண்டு போவதற்குத் திறந்துவிட்டது. விரிப்புக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது.

கண்ணுசாமி மீட்டரைப் பார்த்து எண்ணை உரக்கச் சொன்னார். அட்டையைப் பார்த்தார். மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். பிறகு, "ஒரு யூனிட்டுகூட ஓடலையே!" என்றார். அங்கேயே குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆடியோடு சேர்த்து நாலு மாத மினிமம் நாற்பது ரூபாய், கட்டியது அறுபத்துநான்கு, மிச்சம் இருபத்துநான்கும் டெபாசிட் ஐம்பதும் சேர்த்து எழுபத்துநான்கு ரூபாய் திரும்பி வரும் என்றார்.

"பாத்தீங்களா மைனி! நூத்தி இருவத்தெட்டு ரூவா போகவேண்டிய எடத்துல எழுவத்தி நாலு வருது," என்றார் ஜெகபர் அலி வாசலிலிருந்து. சொல்லிவிட்டு, தான் சொன்னது சரியில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

அப்போதுதான் அஜீஸுன்னிசா பேசினாள். இத்தா இருந்த நாளில் குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆணிடம் நேராக அவள் பேசிய முதல் பேச்சு அது. காதர் பீவி தடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் பேச்சு வெளியே போய்விட்டது.

"அண்ணே, இதத் திரும்பப் போடணும்னா எத்தன நாளாகும்?"

கண்ணுசாமி திடுக்கிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, தான் திரும்பியது தப்பென்று மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"புது அப்ளிகேசன் போடணும்மா. இந்த டிரான்ஸ்பார்மர்ல லோடு ரொம்பிருச்சு. ஒங்களுக்கு முன்னால நூத்தி நாப்பது பேரு இருக்காக. இந்த அஞ்சு எச்.பி. காலியானதும் அதுல ஒருத்தருக்கு இன்னைக்கே எழுதியாச்சு. எப்படியும் ரெண்டு வருசம், மூணு வருசம்..."

"தம்பி கையெழுத்துப் போடாம இருந்தா இன்னைக்கு என்ன செஞ்சிருப்பீங்க?"

நல்ல மனுஷரில்லையா, பொய் சொல்ல வரவில்லை.

"ரீடிங் எடுத்திருப்பேன். பில்லத் திருத்தியிருப்பாகம்மா. அவ்வளவுதான்."

வயர்மேன் மோட்டார் மீட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றினான். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே கம்பத்தில் ஏறிக் கம்பியை வெட்டும் சத்தம் கேட்டது. ஜெகபர் அலி நின்ற இடத்திலேயே நின்று, "மைனி, மோட்டார நல்ல வெலைக்கு முடிச்சுத் தாரேன். அண்ணன் பொருள அடிமாட்டு வெலைக்கு விடமாட்டேன்," என்றார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தா முடியப் பதினாறு நாள் இருந்தது. வாடகை கட்டவேண்டிய நாளுக்கு அதைவிடக் குறைவு.

அஜீஸுன்னிசா விரிப்பைத் தலையிலிருந்து இறக்காமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. எல்லோரும் தனக்கு நல்லதுதான் செய்தார்கள். யாரைப் போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காதர் பீவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"விசனப்படாத," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தம்பி வீட்டுல எம்பாயச் செத்த நகட்டிப் போட்டா ஒனக்கும் எடம் இருக்கு."

மனசார, அன்பாகத்தான் சொன்னாள். அஜீஸுன்னிசா சரியென்று தலையை ஆட்டினாள்.